செட்டிநாட்டுப் பழைய வீடு: கட்டியது யார், இருந்தது யார் என்று தேடுவது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடிப் பக்கம் ஓர் ஊரில் பழைய வளவு வீடு (நடு முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த வீடு) ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். முகப்பின் உச்சியில் சுதையில் 1926 என்று இருக்கிறது. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால் 1975க்குப் பிறகு இரண்டே பதிவுகள், இரண்டும் பங்கு விற்ற பத்திரங்கள். கட்டியது யார், உங்களுக்கு முன்னால் யார் யாருக்குச் சொந்தமாக இருந்தது, இதையெல்லாம் எங்கே போய்த் தேடுவது என்று கேட்கிறீர்கள். ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் இதற்குள் மூன்று இருக்கின்றன: மனை யாருடையது, கட்டடம் எப்போது எந்தெந்தக் கட்டமாக எழுந்தது, அதற்குள் குடியிருந்தவர்கள் யார். மூன்றுக்கும் சான்று வேறு வேறு இடங்களில் கிடக்கிறது. ஒன்றுக்குக் கிடைத்த விடையை இன்னொன்றுக்கும் போட்டுக்கொள்வதால்தான் பழைய வீடுகளைப் பற்றி இத்தனை கட்டுக்கதைகள் உலவுகின்றன.

வில்லங்கச் சான்றில் இரண்டே பதிவுகள் இருப்பதால் ஏதோ மறைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். பதிவு அலுவலகத்துக்குத் தெரிவது கைமாற்றம் மட்டும்தான். அப்பா இறந்து பிள்ளைகளுக்கு வந்தால் அங்கே எதுவும் பதிவாகாது. இந்துக் கூட்டுக் குடும்பத்தில் வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டாலும் பதிவாகாது. நீதிமன்றம் பாகப்பிரிவினைக்குத் தீர்ப்புக் கொடுத்தால், அதைப் பதிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. உயிலைப் பதிவதும் விருப்பத்தைப் பொறுத்ததே, பதிந்தாலும் அது வில்லங்கச் சான்றில் வராது. மூலப்பத்திரத்தை வங்கியில் வெறுமனே வைத்துக் கடன் வாங்கிய பழைய ஈடுகளும் வராது. மூன்று நான்கு தலைமுறை ஒரே குடும்பத்தில் அமைதியாக இருந்த வீட்டுக்குக் காகிதம் குறைவாகவும், கடனிலும் சண்டையிலும் அடிபட்ட வீட்டுக்குக் காகிதம் மிகுதியாகவும் இருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலானவை முதல் வகை.

வருவாய்த் துறைப் பக்கம் போனால் இன்னொரு சிக்கல். தஞ்சாவூர் போன்ற, அரசே உழவரிடம் நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரிப் பகுதிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் செட்டில்மென்ட் பதிவேடுகளே அரசிடம் இருக்கும். சிவகங்கையும் ராமநாதபுரமும் 1803இல் நிலையான ஜமீன்கள் ஆனவை. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை கிராமக் கணக்கு ஜமீன் கையில்தான் இருந்தது. அதனால் தாலுகா அலுவலகத்தில் கிடைக்கும் மிகப் பழைய அரசுப் பதிவேடே 1950களுக்குப் பிந்தையதாக இருக்கக்கூடும், வியப்பில்லை. ஊர் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குள் இருந்ததா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ராயவரம், அரிமளம் பக்கத்து ஊர்கள் 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணையும்வரை தனி நிர்வாகத்தில் இருந்தவை, அவற்றின் பழைய ஆவணங்கள் வேறு வழியில் வந்தவை. மாவட்ட எல்லையும் மாறியிருக்கிறது. 1910க்கு முன் மதுரை மாவட்டம், பிறகு ராமநாதபுரம் மாவட்டம், 1985இலிருந்து இன்றைய சிவகங்கை மாவட்டம். ராமநாதபுரம் மாவட்டத்தின் அலுவலகங்கள் நெடுங்காலம் மதுரையில் இயங்கின. ஒரு பழைய கோப்பைக் கேட்டு "இங்கே இல்லை" என்று பதில் வந்தால், அந்தக் காலத்தில் இந்த ஊர் எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று கேளுங்கள். இல்லை என்ற பதிலுக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

அடுத்தது நத்தம். ஊருக்குள் இருக்கும் வீட்டு மனைகள் பெரும்பாலும் கிராம நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலத்தில்தான் இருக்கும். நத்தம் நிலவரித் திட்டத்தில் ஒவ்வொரு மனையையும் அளந்து உட்பிரிவு எண் கொடுப்பதற்கு முன்னால், நத்தம் முழுவதற்கும் ஒன்றோ இரண்டோ புல எண்தான். அந்தப் பழைய எண்ணைப் போட்டு வில்லங்கம் கேட்டால் ஊரில் உள்ள அத்தனை வீட்டுப் பதிவுகளும் கொட்டும். புதிய எண்ணைப் போட்டால் அந்த எண் பிறந்த பிறகு வந்த பத்திரங்கள் மட்டும் வரும். உங்களுக்கு இரண்டே பதிவுகள் வந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். கிராமத்தின் நிலப் பதிவேடான "அ" பதிவேட்டில் புதிய எண்ணுக்கு எதிரே பழைய புல எண்ணுக்கென்று ஒரு கலம் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ அந்தப் பக்கத்தையும் நத்தம் பதிவேட்டின் நகலையும் வாங்கிக்கொண்டு, பழைய எண்ணுக்குத் தனியாக ஒரு வில்லங்கம் போடுங்கள். 1979க்கும் 1987க்கும் இடையில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர்கள் தவறாக ஏறியது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த கதை. அந்தக் காலத்துப் பட்டாவில் ஒருவர் பெயர் மட்டும் இருக்கிறது என்பதற்காக அவர்தான் முழு உரிமையாளர் என்று எழுதிவிடாதீர்கள். மூத்தவர் பெயரில் பட்டா, உரிமை பத்துப் பேருக்கு என்பதே வழக்கம்.

இனிப் பதிவு அலுவலகத்தில் கையால் தேடும் வேலை. பல அலுவலகங்களுக்கு 1975க்குப் பிந்தைய விவரம்தான் இணையத்தில் எளிதாக வரும். அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் மனு கொடுத்துத் தேட வேண்டும், தேடுகட்டணம் ஆண்டுக் கணக்கில். இந்தியாவில் இன்றைய முறையிலான பத்திரப் பதிவு 1865இல் தொடங்கியது. இப்போது நடைமுறையில் இருப்பது 1908ஆம் ஆண்டுச் சட்டம். அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1ஆம் புத்தகத்தில் நகல் செய்யப்படும். அதற்கு இரண்டு அட்டவணைகள்: ஒன்று ஆள் பெயர்வாரி, மற்றொன்று சொத்துவாரி. நத்தம் வீட்டுக்குச் சொத்துவாரி அட்டவணை அவ்வளவாக உதவாது, பெயர்வாரி அட்டவணைதான் கை கொடுக்கும். ஒரு பெயரும் பத்து வருட இடைவெளியும் தெரிந்தால் போதும், தேடிவிடலாம். 1ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அந்த வீட்டுக்காரராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. உயில்களும் சுவீகார அதிகாரப் பத்திரங்களும் 3ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டும் நகல் கிடைக்கும், அவர் இறந்த பிறகு யார் கேட்டாலும் கொடுக்கலாம். பலர் 1ஆம் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு குடும்பத்தின் கதை சட்டென்று தெளிவாவது 3ஆம் புத்தகத்தில்தான்.

மனை வாங்கிய பத்திரமே கிடைக்காமல் போகலாம். நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரையத்தைப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சுவாதீனத்தை ஒப்படைத்தாலே போதும். 1870களிலும் 80களிலும் கிராமத்து மனை அந்தத் தொகைக்குள் முடிந்திருக்க இடமுண்டு. அப்படிப்பட்ட மனைக்குப் பதியாத முறிச்சீட்டோ ஓலையோ வீட்டில் இருந்தால்தான் உண்டு.

கிடைத்த பத்திரத்தை எப்படிப் படிப்பது என்பது தனிக் கலை. பெரும்பாலானவர்கள் விற்றவர், வாங்கியவர், தொகை மூன்றையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். முதலில் பாருங்கள், விற்றவர் தனக்கு இது எப்படி வந்தது என்று என்ன சொல்கிறார். "பிதிரார்ஜிதமாகப் பாத்தியப்பட்ட" (முன்னோர் வழியில் வந்த) என்று இருந்தால் குறைந்தது ஒரு தலைமுறை பின்னால் போக வேண்டும், வேறு பத்திரம் தேடிப் பயனில்லை. "சுயார்ஜிதமாகக் கிரையம் பெற்று" (சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கி) என்று இருந்தால் அதற்கு முந்தைய பத்திர எண் அங்கேயே இருக்க வாய்ப்பு உண்டு. அடுத்தது சக்குபந்தி. நத்தத்துக்குப் புல எண் உதவாத காலத்தில் நான்கு எல்லைதான் வீட்டின் அடையாளம். இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் மனைக்கு மேற்கு, தெருவுக்கு வடக்கு என்று எழுதியிருப்பார்கள். உங்கள் வீட்டின் சங்கிலி அறுந்துபோன இடத்தில் பக்கத்து வீட்டின் சங்கிலியைப் பிடியுங்கள். கிழக்கு வீட்டுக்காரர் 1931இல் விற்றிருந்தால், அந்தப் பத்திரத்தின் மேற்கு எல்லையில் உங்கள் வீட்டு அன்றைய உரிமையாளர் பெயர் இருக்கும். இது நம்பகமான சாட்சி, ஏனென்றால் அந்தப் பெயரை எழுதியவருக்கு உங்கள் வீட்டைப் பற்றிப் பொய் சொல்லி ஆகப்போவது எதுவுமில்லை. ஒரு எச்சரிக்கை: எல்லையில் உள்ள பெயர்கள் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே நகலெடுக்கப்படுவதும் உண்டு. செத்து முப்பது வருடமானவர் பெயரில் எல்லை ஓடும். அதனால் ஒரே பெயர் இரண்டு வெவ்வேறு வீட்டுப் பத்திரங்களில் வந்தால்தான் அதை அந்த ஆண்டுக்குரியதாக எடுத்துக்கொள்ளலாம்.

பத்திரத்தின் பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். முத்திரைத்தாள் விற்றவர் எழுதிய தேதி, யார் பெயருக்கு வாங்கியது, எந்த ஊரில் வாங்கியது எல்லாம் அங்கே இருக்கும். பதிவு அலுவலர் எழுதிய குறிப்பில் கைரேகை, அடையாளம் காட்டியவர்கள், புத்தகம், தொகுதி, பக்கம் எல்லாம் வரும். அடையாளம் காட்ட வருபவர் பெரும்பாலும் பங்காளியோ சம்பந்தியோதான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். தேதியில் தமிழ் ஆண்டு மட்டும் இருந்தால் அறுபது வருடக் குழப்பம் வரும். ரக்தாட்சி என்பது 1864ஆகவும் இருக்கலாம், 1924ஆகவும் இருக்கலாம், 1984ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளில் விக்டோரியா தலையா, ஐந்தாம் ஜார்ஜ் தலையா, அசோகச் சின்னமா என்று பார்த்தால் தீர்ந்தது. பழைய தாள் கையிருப்பைச் சில காலம் தொடர்ந்து விற்றிருப்பார்கள் என்பதால் ஆட்சி மாறிய ஓரிரு வருடங்களில் மட்டும் கவனம் தேவை. பசலி ஆண்டு (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு) இருந்தால் 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஜூலையின் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1334 என்றால் 1924 ஜூலை முதல் 1925 ஜூன் வரை.

உங்கள் இரண்டு பத்திரங்களிலும் பங்கு எவ்வளவு என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பின்னம் ஒரு வம்சாவளியின் எலும்புக்கூடு. 24இல் 1 பங்கு என்றால் 2, 3, 4 என்ற எண்களின் பெருக்கம் அது. வீடு கட்டியவருக்கு இரண்டு பிள்ளைகள், அதில் ஒருவருக்கு மூன்று, அதில் ஒருவருக்கு நான்கு என்று ஓர் அமைப்பு இருக்கலாம். வரிசை மாறியும் இருக்கலாம், அதைப் பின்னம் சொல்லாது. கிடைக்கும் எல்லாப் பங்குகளையும் கூட்டிப் பாருங்கள். ஒன்றுக்குக் குறைந்தால் எந்தக் கிளையின் பத்திரம் இன்னும் வரவில்லை என்பது தெரிந்துவிடும். வாரிசில்லாமல் போன கிளையின் பங்கு மற்றவர்களுக்குப் போயிருந்தாலோ, பங்காளி பங்காளியிடமே விற்றிருந்தாலோ 24இல் 5 போன்ற எண்கள் வரும். 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு மனைவிக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பங்கு சேர்வதால் பின்னங்கள் திடீரென்று சிதறும். தமிழ்நாட்டில் 1989 மார்ச்சிலிருந்து, அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்திலேயே பிறப்புரிமை வந்ததால் இன்னும் சிதறும். அதைப் பார்த்து அந்தத் தலைமுறையில் ஆண்கள் நிறையப் பிறந்தார்கள் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய பத்திரங்களில் அரைக்கால் (எட்டில் ஒன்று), வீசம் (பதினாறில் ஒன்று) என்றும் வரும்.

பெயர்களில்தான் பெரிய விபத்துகள் நடக்கின்றன. தலைமகனுக்குத் தாத்தா பெயர் வைப்பது இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) வழக்கம். லெட்சுமணன் மகன் முத்தையா, முத்தையா மகன் லெட்சுமணன், அந்த லெட்சுமணன் மகன் மறுபடி முத்தையா. 1890இல் ஒரு முத்தையாவும் 1940இல் ஒரு முத்தையாவும் பத்திரத்தில் இருந்தால் ஒருவரே நீண்ட காலம் வாழ்ந்தார் என்று எழுதி வைப்பவர்கள் ஏராளம். தகப்பன் பெயரோடு சேர்த்துத்தான் ஒருவரை அடையாளம் காண வேண்டும். அதுவும் சுவீகாரத்தில் தடுக்கிவிடும். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் பங்காளி வீட்டுப் பிள்ளையைச் சுவீகாரம் எடுப்பது மிகச் சாதாரணம். எடுத்த பிறகு அவருடைய தகப்பன் பெயரும் முதலெழுத்தும் மாறிவிடும். ஒருவர் திடீரென்று எங்கிருந்தோ முளைத்தது போலத் தெரிந்தால், அல்லது ஒருவர் காணாமல் போனால், 3ஆம் புத்தகத்தையும் பங்காளி வீட்டையும் பாருங்கள்.

பெயருக்கு முன்னால் வரும் முன்னோர் முதலெழுத்து வரிசையான விலாசம் இதற்கு ஓரளவு கை கொடுக்கும். ராஜா சர் அண்ணாமலை செட்டியாருக்கு சா.ராம.மு. என்று வருவது சாத்தப்பர், ராமநாதர், முத்தையா என்ற முன்னோர் வரிசை. கிளை பிரியும்போது முதலெழுத்து கூடும், மாறும். இரண்டு பேருடைய விலாசத்தில் முதல் இரண்டு எழுத்துகள் ஒன்றாக இருந்து கடைசி மட்டும் வேறானால் ஒரே மூதாதையின் கிளைகளாக இருக்க நல்ல வாய்ப்பு. உறுதி என்று சொல்ல முடியாது, ஏனென்றால் விலாசம் தொழில் நிறுவனத்தின் பெயராகவும் இருந்தது. பங்கு பிரிந்த பிறகும் பழைய விலாசத்திலேயே கடை நடத்தியவர்கள் உண்டு. ஆங்கில ஆவணங்களில் தேடும்போது ராம. என்பது ஆர்.எம். ஆகும், பழ. என்பது பி.எல்., சித. என்பது சி.டி. ஆகும். செட்டி, செட்டியார் என்பதை நாலைந்து எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பார்கள். அத்தனையையும் போட்டுத் தேட வேண்டும்.

விலாசம் கிடைத்துவிட்டால் கடல் கடந்தும் தேடலாம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வந்த பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நகரத்தார் அங்கே நடத்திய வட்டிக்கடைகளின் விலாசங்கள் வழக்கு அறிவிப்புகளிலும், கூட்டுப் பிரிந்த விளம்பரங்களிலும், முகவர் மாற்ற அறிவிப்புகளிலும் வரும். கையெழுத்திட்டவரை உரிமையாளர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் சம்பளத்துக்குப் போன முகவராக இருக்கலாம், மூன்று வருடத்தில் ஆள் மாறிவிடும். உள்ளூரில், தேவகோட்டை, மதுரை நீதிமன்றங்களிலிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கும் (அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றம்) போன குடும்ப வழக்குகள் அச்சான சட்டத் தீர்ப்புத் தொகுப்புகளில் இருக்கின்றன. பாகப்பிரிவினை வழக்கின் தீர்ப்பில் முதல் இரண்டு பக்கத்திலேயே நீதிபதி குடும்ப மரத்தைச் சொல்லிவிடுவார். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மரம் என்பதால் அதன் மதிப்பு மற்ற எந்தச் சான்றையும்விட அதிகம். தரப்பினர் மறுத்துச் சண்டையிட்ட பகுதியை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டடத்துக்கு வருவோம். முகப்பில் 1926 என்றால் அந்தச் சுதை வேலை 1926இல் முடிந்தது, அவ்வளவுதான் உறுதி. வளவு அதற்கு முப்பது நாற்பது ஆண்டு முந்தியதாக இருக்கலாம். முதலில் வளவும் பின்கட்டும், பணம் சேர்ந்த பிறகு, பெரும்பாலும் ஒரு கல்யாணத்தையோ அறுபதாம் கல்யாணத்தையோ ஒட்டி, முன்னால் பெரிய முகப்பும் மாடியும் என்று கட்டுவது இந்தப் பகுதியில் நிறைய நடந்திருக்கிறது. முகப்புச் சுவரும் வளவுச் சுவரும் சேரும் மூலையைப் பாருங்கள். செங்கல் ஒன்றுக்குள் ஒன்று பின்னி வராமல் நேர்கோடாகப் பிரிந்திருந்தால் இரண்டும் வெவ்வேறு காலம். தரைமட்டம் அரையடி வேறுபட்டாலும், செங்கல்லின் கனம் மாறினாலும், ஒரு பக்கம் மரச்சட்டத்தில் நின்ற மட்டப்பாவும் (தட்டைக் கூரை) மறுபக்கம் இரும்பு உத்திரமும் இருந்தாலும் அதேதான்.

பொருள்களில் முத்திரை தேடுங்கள். இரும்பு உத்திரத்தின் நடுப்பகுதியில் ஆலையின் பெயர் புடைப்பாக இருக்கும். டோர்மன் லாங் என்றால் இங்கிலாந்திலிருந்து வந்தது. டாட்டா என்றால் 1912க்கு முன் வாய்ப்பில்லை, ஜாம்ஷெட்பூரில் எஃகு உற்பத்தி தொடங்கியதே அந்த ஆண்டுதான். சுவரில் பதித்த பூ வேலைப் பளிங்கு ஓடுகள் விழுந்து கிடந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். ஜப்பான் என்று இருந்தால் 1910களுக்கும் 30களுக்கும் இடைப்பட்டது என்று பெரும்பாலும் சொல்லலாம். கூரையில் உள்ள மங்களூர் ஓட்டில் 1865 என்று பார்த்துவிட்டு வீட்டுக்கு 1865 என்று வயது சொல்பவர்களைச் சமூக ஊடகத்தில் அடிக்கடி காண்கிறோம். அது பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு, ஓடு செய்த ஆண்டு அல்ல. காமன்வெல்த் என்ற பெயர் இருந்தால் முதல் உலகப் போருக்குப் பிறகு அந்த ஆலைகள் கைமாறிய பின் செய்தது. எப்படியிருந்தாலும் ஓடு உடையும், மாற்றுவார்கள். ஓட்டின் வயது கூரையின் வயதுகூட அல்ல, அந்த ஓட்டின் வயது மட்டுமே. ஆத்தங்குடிக் கல் என்ற தரை ஓடு இன்றும் கண்ணாடி மேல் வார்த்துச் செய்யப்படுகிறது, அதை மட்டும் வைத்துக் காலம் சொல்லவே கூடாது. தேக்கும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பர்மாவில் வட்டிக்கு விட்டு வந்த பணம் நின்றுபோய் எத்தனையோ வீடுகள் பிரிக்கப்பட்டுத் தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போயின. அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குப் போயின. ஒரு நிலைக்கதவு அதைச் சுற்றியுள்ள சுவரில் முதலிலிருந்தே இருந்ததா என்பதை நிலையின் அளவுக்கும் சுவர்த் திறப்புக்கும் நடுவில் ஒட்டுப்போட்ட பூச்சு இருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அடிப்படை விதி ஒன்றே: மாற்றப்படாத பகுதிகளில் எது மிகப் பிந்தியதோ அதற்கு முன் அந்தப் பகுதி கட்டி முடிக்கப்பட்டிருக்க முடியாது.

இந்தக் கட்டடங்கள் ஏன் 1940ஓடு நின்றுபோகின்றன என்பதற்கும் கணக்கு உண்டு. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தார் கையில் இருந்த நிலம் 6 விழுக்காடு, 1938இல் 25 விழுக்காடு. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் கடன் திரும்பாமல் அடமான நிலம் வந்து சேர்ந்தது. ஆவணத்தில் சொத்து கூடியது, கையில் ரொக்கம் குறைந்தது. 1942இல் ஜப்பானியர் வந்ததும் வரவு அறுந்தது. அதனால் உங்கள் வீட்டில் 1930களில் தொடங்கி முடியாமல் நின்ற மாடியோ, சுதை பூசாத பின்சுவரோ இருந்தால் அது தற்செயலாக இருக்காது. 1945க்குப் பிறகு ஈடு, ஒத்திப் பத்திரங்கள் அதிகமாகக் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு, அந்தப் பத்தாண்டை முதலில் தேடுங்கள்.

குடியிருந்தவர்களைப் பற்றிய சான்று அரசிடம் குறைவு, வீட்டிலும் கோயிலிலும் அதிகம். நகரத்தார் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தவர்கள்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. திருமணமான தம்பதி ஒரு புள்ளி. திருமணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வரும், அப்போது பெயர் பதிவாகும். எந்தக் கோயில் என்று தெரிந்தால் தேடல் ஒன்பதில் ஒன்றாகச் சுருங்கும். திருமணத்தில் எழுதும் இசைகுடிமானத்தில் இரு தரப்புத் தகப்பன்மார் பெயர், ஊர், கோயில், தேதி எல்லாம் இருக்கும். பத்திரங்களில் காணாமல் போகும் பெண்கள் பெயரோடு வருவது இங்கேதான். பழைய ஏனம், தூக்கு, அண்டா எல்லாவற்றிலும் பெயரோ விலாசமோ வெட்டியிருப்பார்கள். அது அந்த வீட்டு மருமகளின் பிறந்த வீட்டு விலாசமாக இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது, சீர் வந்த பாத்திரம் அது. வீடு கட்டிய கணக்கு நோட்டு கிடைத்தால் அதற்கு மேல் எதுவும் வேண்டாம்: கொத்தனார், ஆசாரி கூலி, சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வாங்கிய கணக்கு வரை தேதியோடு இருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களும் கடிதங்களும் அழைப்பிதழ்களும் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. புதுமனை புகுவிழா அழைப்பிதழ் போன்ற துண்டுக் காகிதங்களுக்கு அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

சிறு சான்றுகள் சில. பேரூராட்சியின் வீட்டு வரிக் கேட்புப் பதிவேட்டில் வரி செலுத்துபவர் பெயர் இருக்கும், கதவு எண் மாறியிருக்கும் என்பதால் பழைய எண்ணையும் கேளுங்கள். மின் இணைப்பு யார் பெயரில் முதலில் எடுக்கப்பட்டதோ அந்தப் பெயரே அரை நூற்றாண்டு கழித்தும் அட்டையில் தொடர்வது உண்டு.

எல்லாம் சேர்ந்த பிறகு எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எதிலிருந்து வந்தது என்று குறித்துவிடுங்கள். பத்திரத்திலும் தீர்ப்பிலும் இருப்பதை ஒரு நிறத்தில், கட்டடத்தைப் பார்த்து ஊகித்ததை இன்னொரு நிறத்தில், வாய்மொழியை மூன்றாவது நிறத்தில் எழுதினால் பின்னால் வருபவர் குழம்ப மாட்டார். வாய்மொழியில் உறவுமுறையை ஓரளவு நம்பலாம், ஆண்டை நம்பக் கூடாது. எத்தனை லட்சம் செலவானது, எந்த மரம் எந்தக் கப்பலில் வந்தது என்பதைக் கேட்டு ரசிக்கலாம், எழுத வேண்டாம். உரிமையில் ஏதாவது தகராறு இருப்பதாகத் தெரிந்தால் இந்தத் தேடலை அங்கேயே நிறுத்திவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள், அது வேறு வேலை.

கடைசியாக, பங்காளிகளிடம் எப்படிக் கேட்பது. பங்கு வாங்கிய வெளியாள் ஒருவர் வந்து பழைய உரிமையாளர் பட்டியல் கேட்டால், மீதிப் பங்கையும் வளைக்கப் பார்க்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். அதனால் பத்திரத்தைக் கேட்காதீர்கள். வளவில் எந்த அறை எந்தப் புள்ளிக்கு இருந்தது, யாரை எந்த வருடம் வேறு வைத்தார்கள் (தனிக்குடித்தனம் வைத்தார்கள்), முகப்பில் கடைசியாக நடந்த கல்யாணம் யாருடையது என்று கேளுங்கள். சுவரில் இருந்த படங்களின் நகலைக் கையோடு எடுத்துப் போங்கள், அட்டையின் கீழே ரங்கூன், பினாங்கு ஸ்டூடியோ பெயர் இருந்தால் அதையும் காட்டுங்கள். எண்பது வயது ஆச்சி ஒருவர் கிடைத்தால் போதும், யார் யாருக்கு எந்த அறை என்று அவர் சொல்வதை வீட்டின் வரைபடத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரைபடத்தைப் பின்னங்களோடு வைத்துப் பார்த்தால் எந்தக் கிளை எது என்பது பெரும்பாலும் அன்றைக்கே பிடிபட்டுவிடும்.